தெள்ளுப் படமும் உண்ணிப் படமும்

பெங்களூர் நகரின் குளிர்ச்சியைப் புகழாதார் நம்முள் எவருமிலர். 1864 ஆம் ஆண்டில் ஜோலார்பேட்டையிலிருந்து தண்டுப் பகுதிக்கு இருப்புப்பாதை போடப்பட்ட பின்னர், சென்னையினின்றும் வட ஆர்க்காட்டினின்றும் சேலத்தினின்றும் தமிழ் மக்கள் திரள் திரளாக இவ்வூருக்கு ஏறி வந்தனர். கடல் மட்டத்திற்கு ஏறக்குறைய 3,000 அடி மேலே வீசும் காற்றில் அவர்கள் கடற்கரையின் வெக்கையை மறந்தனர். இனிய தட்பவெப்பம் என்று நாம் இன்றும் உறவினர்க்கு எழுதுகிறோம். அந்த இனிமை மனிதர்க்கு மட்டும் உரியதன்று. ஒரு சிறு தெள்ளுப்பூச்சிக்கும் அது மிக உவப்பானது. இச்செய்தியை நம் முன்னோர் மிகுந்த விலை கொடுத்தே அறிய நேர்ந்தது.

1896 ஆம் ஆண்டில் பம்பாயில் தோன்றிய கொள்ளை நோயாகிய பிளேக், இருப்புப்பாதை வழியே தெற்கு நோக்கி நடந்து, 1898 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் பெங்களூரை அடைந்தது. பேட்டையிலும் தண்டிலும் நெருங்கிய சந்துகளில் மக்கள் மாண்டனர். வீடுகளின் கூரை ஓடுகள் பிரிக்கப்பட்டு வெயில் உள்ளே விடப்பட்டது. நோயுற்றோரின் குடும்பத்தார் ஊருக்கு வெளியே கொட்டகைகளில் இருத்தப்பட்டனர். நோய்த் தடுப்பு வேலைகளை ஒருங்கிணைப்பதற்காகவே நகரில் தொலைபேசிக் கம்பிகள் இழுக்கப்பட்டன. மல்லேசுவரமும் பசவனகுடியும் காற்றோட்டமான புதுக் குடியிருப்புக்களாக விரைந்து வளர்ந்ததற்கும் இந்நோயே பெருங்காரணம். பிளேக் மாரியம்மன் என்ற பெயரில் எழுந்த கோயில்கள் இந்நகரில் இன்றும் உள்ளன. அவற்றின் முன் கைகூப்பும் இளைஞருள் எத்துணைப் பேர் அப்பெயரின் பொருளை எண்ணிப் பார்க்கின்றனர் என்பது நமக்கு ஐயமே.

அக்காலத்து மக்களைத் திகைக்க வைத்த வினா ஒன்று உண்டு. பெங்களூருக்கு ரயில் வருவது போலவே சென்னைக்கும் வருகிறது. சென்னையிலும் எலிகள் உண்டு, தானியக் கிடங்குகள் உண்டு, நெருக்கமான சேரிகளும் உண்டு. அங்ஙனமிருக்கப் பெங்களூரைப் பன்முறை சூறையாடிய பிளேக், சென்னை நகரில் பெருங்கொள்ளையாக வேரூன்றாதது ஏன்? தலைநகரின் துப்புரவே காரணம் என்று சிலர் பெருமை பேசினர். சென்னையின் அக்காலச் சாக்கடைகளைப் பற்றிப் படித்தவர்கள் அப்பெருமையை ஒப்புக்கொள்வது அரிது.

விடை எலியின் மயிருக்குள் ஒளிந்திருந்தது. பிளேக்கின் கிருமியை 1894 இல் ஹாங்காங்கில் எர்சின் கண்டறிந்தார். 1898 ஜூன் திங்களில், அதாவது பெங்களூரில் நோய் புகுவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னர், பிரெஞ்சு மருத்துவர் சிமோண்ட் கராச்சியில் ஓர் எளிய ஆய்வு நடத்தினார். நோயுற்ற எலியொன்றையும் நல்ல எலியொன்றையும் ஒன்றையொன்று தொடாதவாறு வைத்தார். தெள்ளு மட்டும் தாவ வழியிருந்தது. நல்ல எலியும் மாண்டது. அவர் சொல்லை அன்று நம்பினோர் சிலரே. 1905 ஆம் ஆண்டு முதல் பம்பாயில் பணியாற்றிய பிளேக் ஆராய்ச்சிக் குழுவினர் பல்லாயிரம் எலிகளை அறுத்துப் பார்த்த பின்னரே எலித்தெள்ளு குற்றவாளி என்பது நிலைபெற்றது. இடைப்பட்ட ஆண்டுகளில் சுவர்களுக்கு மருந்து தெளித்தும் துணிகளை எரித்தும் செலவிட்ட உழைப்பை எண்ணினால் நெஞ்சம் கனக்கிறது.

ஆயினும் தெள்ளு என்ற ஒரே சொல் வினாவைத் தீர்க்கவில்லை. சென்னை எலிகளின் மீதும் தெள்ளுகள் நிரம்ப இருந்தனவே! இங்குதான் கொழும்பு நகரின் நுண்ணுயிர் ஆய்வாளரான ஹெர்ஸ்ட் என்பார் வரலாற்றுள் நுழைகிறார். இந்திய எலித்தெள்ளுகள் யாவும் ஜெனாப்சில்லா சியோபிஸ் என்னும் ஒரே இனம் என அதுவரை கருதப்பட்டது. 1911 இல் ராத்ஸ்சைல்டு, சியோபிஸை ஒத்த வேறோர் இனத்தைப் பிரித்து ஆஸ்டியா என்று பெயரிட்டிருந்தார். கொழும்பில் முதன்முதல் பிளேக் தோன்றிய 1914 ஆம் ஆண்டையொட்டி, ஹெர்ஸ்ட் அவ்வூர் எலிகளின் தெள்ளுகளை நுண்ணோக்கியின் கீழ் வைத்து நோக்கினார். பெரும்பாலானவை ஆஸ்டியாவாக இருந்தன. சென்னையிலும் அவ்வாறே. பம்பாய்த் தெள்ளுகளுள் சியோபிஸ் மிக்கிருந்தது. வெறுங்கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. உடலின் உள்ளுறுப்பு ஒன்றின் வளைவில்தான் வேற்றுமை. ஊர்களின் விதியே அந்த வளைவைப் பொறுத்திருந்தது என்பதை அவர் முதலில் உணர்ந்தார்.

ஓர் அறிஞரின் ஊகம் நாடளாவிய உண்மையாக வேண்டுமாயின், அதற்குப் படம் வரைய வேண்டும். அப்பணியை மேற்கொண்டவருள் ஒருவர் கிராக். சென்னைக் கிண்டியிலுள்ள கிங் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றி, பேட்டனுடன் இணைந்து 1913 இல் மருத்துவப் பூச்சியியலுக்கு ஒரு பெரும் பாடநூல் இயற்றியவர் அவர். இந்திய எலித்தெள்ளுகளின் பரவலைத் திரட்டி 1920களின் தொடக்கத்தில் கட்டுரைகள் வெளியிட்டார். டைபஸ் காய்ச்சலை ஆராயும்போது அந்நோயே பற்றி 1924 இல் உயிர் துறந்தார். அவருக்குப் பின்னர், அதே கிண்டி நிலையத்தின் கிங், பண்டிட் ஆகிய இருவரும் சென்னை மாகாணம் முழுவதற்கும் எலித்தெள்ளு அளவாய்வின் சுருக்கத்தை 1931 இல் வெளியிட்டனர். இந்தப் பண்டிட், பின்னாளில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் முதல் இயக்குநராக விளங்கிய சி. ஜி. பண்டிட் அவர்களே.

இவ்வேலையின் தன்மையைச் சற்றே நினைத்துப் பார்ப்போம். ஊர் ஊராகப் பொறி வைத்து எலி பிடிக்க வேண்டும். பிடித்த எலியை மயக்கி, மயிரைச் சீவித் தெள்ளுகளை உதிர்த்து, ஊரின் பெயரும் நாளும் எழுதிய புட்டியில் இட வேண்டும். பின்னர் ஒவ்வொன்றாக நுண்ணோக்கியில் பார்த்து எண்ண வேண்டும். இத்தனைக்கும் பிறகே படத்தில் ஒரு புள்ளி விழும். புகழ் தேடுவோர் இவ்வழி வாரார்.

புள்ளிகள் திரண்டபோது, நாட்டின் மேடுபள்ளமே வேறொரு வண்ணத்தில் மறுபடி எழுந்தது. வெப்பம் மிக்க கடற்கரைச் சமவெளியில் ஆஸ்டியா கோலோச்சியது. மைசூர்ப் பீடபூமியின் ஊர்கள், அக்காலச் சேலம் மாவட்டத்து ஓசூர், கோயம்புத்தூர் மேட்டுநிலம், மதுரை மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கு ஆகிய குளிர்ந்த இடங்களில் சியோபிஸ் செழித்தது. பிளேக் மீண்டும் மீண்டும் தலையெடுத்த ஊர்களும் பெரும்பாலும் இவையே. ஆஸ்டியா முற்றிலும் குற்றமற்றது அன்று. ஆயினும் நோயைப் பரப்புவதில் சியோபிஸுக்கு ஈடாகாது. மேலும், நோய்க்கிருமி தெள்ளின் இரைப்பை வாயிலை அடைத்துக்கொள்வதாலேயே, பசி தீராத தெள்ளு ஓயாது கடித்துக் கிருமியைக் கக்குகிறது. ஏறக்குறைய 28 பாகைக்கு மேல் வெப்பம் ஏறினால் அவ்வடைப்பு நிலைப்பதில்லை. சென்னையின் கோடையை நாம் எவ்வளவு வைதாலும் தகும். ஆயினும் பிளேக்கின் காலத்தில் அக்கோடை பல்லாயிரம் உயிர்களுக்குக் காவலாக நின்றது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஜோலார்பேட்டையில் வண்டி ஏறிய நம் முன்னோர், தாம் அறியாமலே, ஒரு தெள்ளின் ஆட்சியினின்று மற்றொரு தெள்ளின் ஆட்சிக்குக் குடிபெயர்ந்தனர்.

அந்த எல்லை இன்றும் கண்காணிக்கப்படுகிறது. இந்தியாவில் 1994 ஆம் ஆண்டுப் பிளேக்கிற்கு முன்னர், இறுதியாக மனிதருக்கு அந்நோய் கண்டது 1966 இல், நமக்கு அடுத்த கோலார் மாவட்டத்தில். கருநாடகம், ஆந்திரம், தமிழகம் மூன்றும் கூடும் அந்நிலப்பகுதியில் வயல்வெளி வெள்ளெலிகளிடையே நோய் உறங்கிக் கிடக்கக்கூடும் என்பதால், எலிகளையும் தெள்ளுகளையும் பிடித்துச் சோதிப்பதற்கென்றே நடுவண் அரசு பெங்களூரில் ஒரு பிளேக் கண்காணிப்பு நிலையத்தை அமைத்தது.

கொசுவின் படத்தைப் பற்றியும் ஒரு சொல். 1883 இல் பெங்களூரில் படை மருத்துவராக இருந்த ரொனால்டு ராஸ், தம் மாளிகைச் சன்னலருகே இருந்த தொட்டி நீரில் கொசுப்புழுக்கள் நெளியக் கண்டு அதைக் கவிழ்த்தார். கொசுத் தொல்லை குறைந்தது. மலேரியாவைக் கொசுவோடு பிணைக்கும் கண்டுபிடிப்பை அவர் 1897 இல் செகந்திராபாத்தில் நிகழ்த்தினார். 1926 இல் கிறிஸ்டோபர்ஸும் சின்டனும் இந்திய மலேரியாப் படத்தை வெளியிட்டனர். மைசூர் அரசில் 1930களில் மண்டியப் பகுதிக்கு இர்வின் கால்வாய் நீர் பாய்ந்தபோது, கரும்போடு மலேரியாவும் விளைந்தது. மலையோடைக்கு ஒரு கொசு, கால்வாய்க்கு ஒரு கொசு, நகரத்துக் கிணற்றுக்கும் மேல்தொட்டிக்கும் வேறொரு கொசு என்று தரம் பிரித்த பின்னரே தடுப்பு வேலை சீர்ப்பட்டது. அது தனி நூலாக விரியும் பொருள். இங்கு நம் கருத்து உண்ணியின் பக்கம் செல்கிறது.

1957 மார்ச்சுத் திங்களில் ஷிமோகா மாவட்டத்துச் சொரபா வட்டத்தில், கியாசனூர் என்னும் காட்டையொட்டிய சிற்றூர்களில் மக்கள் கடுங்காய்ச்சலில் வீழ்ந்தனர். அதே காட்டில் குரங்குகள் மரத்தினின்று செத்து விழுந்தன. நம் பழம்புலவர் முசு என்றழைத்த கருமுகக் குரங்கும், நாம் எங்கும் காணும் நாட்டுக் குரங்கும் ஒருங்கே மடிந்தன. இச்செய்தி பூனாவிலிருந்த வைரஸ் ஆராய்ச்சி மையத்தை எட்டியதும் அங்கிருந்தோர் நடுங்கினர். குரங்கும் மனிதரும் சேர்ந்து மடிவது தென்னமெரிக்கக் காடுகளின் மஞ்சட்காய்ச்சலுக்குரிய அடையாளம். ஆசியாவில் அந்நோய் ஒருபோதும் தோன்றியதில்லை. தோன்றினால் விளைவை நினைக்கவும் இயலாது. டெல்ஃபோர்டு வொர்க், டிராப்பிடோ முதலிய ஆய்வாளர்கள் விரைந்தனர். குரங்கின் உடலினின்று பிரித்த வைரஸ் மஞ்சட்காய்ச்சலுக்குரியதன்று. சைபீரியக் காடுகளில் உண்ணியால் பரவும் மூளைக்காய்ச்சல் வைரஸுக்கு அது உறவு பூண்டிருந்தது! பனிக்காட்டின் உறவினர் மலைநாட்டின் பாக்குத் தோட்டத்திற்கு எவ்வாறு வந்தார்? வலசை வரும் பறவைகள் சுமந்து வந்தனவோ என்ற ஐயம் அன்று பெரிதாகப் பேசப்பட்டது. நோய்க்கு அக்காட்டின் பெயரே சூட்டப்பட்டது. ஊரார் அதனை மங்கன காயிலே என்றனர். குரங்கு நோய் என்பது பொருள்.

உண்ணியைத் தேடும் முறை தெள்ளைத் தேடும் முறையினும் எளியது. ஆனால் இடர் மிக்கது. வெண்மையான கம்பளித் துணியொன்றைக் காட்டின் சருகுத் தரைமேல் மெல்ல இழுத்துச் செல்வர். இரைக்காகக் காத்திருக்கும் உண்ணிகள் அதைப் பற்றிக்கொள்ளும். இத்துணை தொலைவு இழுத்ததற்கு இத்துணை உண்ணி என எண்ணி, இடமும் நாளும் குறிப்பர். சாகரில் அமைந்த கள நிலையத்திலிருந்து ஆண்டுக் கணக்காக இவ்வேலை நடந்தது. பி. கே. இராஜகோபாலன் அவர்கள் அங்கு உழைத்தோருள் ஒருவர்; பின்னர்ப் புதுச்சேரியின் நோய்க்கடத்தி ஆராய்ச்சி மையத்திற்கு இயக்குநரானார். பிடிபட்ட உண்ணிகளுள் ஹீமாபைசாலிஸ் ஸ்பைனிஜெரா என்னும் இனமே முதற்குற்றவாளி என்று தெளிந்தது. மழைக்காலத்தில் முதிர்ந்த உண்ணி மாட்டின்மேல் வாழ்கிறது; மழை ஓய்ந்தபின் அதன் குஞ்சுகள் எழுகின்றன; டிசம்பர் முதல் மே வரை இளம் உண்ணிகள் குரங்கையும் மனிதரையும் பற்றுகின்றன. காய்ச்சலின் பருவமும் அதுவே. அறுவடை முடிந்து மக்கள் விறகுக்கும் சருகுக்கும் காடேகும் பருவமும் அதுவே என்பது நேர்ந்துவிட்ட கொடுமை.

கொலம்பியாவைச் சேர்ந்த போஷெல் என்னும் அறிஞர் இக்காட்டின் வரலாற்றையே வேறு கண்ணால் படித்தார். வயலுக்காகக் காடு வெட்டப்பட்டது. வெட்டிய ஓரத்தில் புதர் மண்டியது. புதரில் எலியும் தரைப்பறவையும் பெருகின. மக்களோடு வந்த மாடுகள் முதிர்ந்த உண்ணிகளை ஊட்டி வளர்த்தன. நோய் காட்டின் நடுவில் பிறக்காமல், ஊரும் காடும் உரசும் விளிம்பில் வலுத்தது என்று 1969 இல் எழுதினார். அவ்விளிம்பில் அடர்ந்த புதருள் முதன்மையானது அயல்நாட்டினின்று வந்த லாண்டனா. தமிழர் அதற்கு முன்பே இட்ட பெயர் உண்ணிச்செடி! பூவின் கொத்தும் காயின் உருவும் உண்ணியை ஒத்ததால் வந்த பெயரென்பர். நோயை அறிந்து யாரும் பெயரிடவில்லை. எனினும் சொல் தற்செயலாக உண்மையைத் தொட்டது நமக்கு வியப்பளிக்கிறது.

இனி நாம் சொல்லக் கருதிய செய்திக்கு வருவோம். தெள்ளின் படமும் பிளேக்கின் படமும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தின, வினா தீர்ந்தது. உண்ணியின் படமோ வினாவைப் பெருக்கியது. ஸ்பைனிஜெரா உண்ணி தென்னிந்தியக் காடுகளிலும் இலங்கையிலும் பரவலாக உள்ளது. நோயோ பல ஆண்டுகள் ஷிமோகாவின் சில வட்டங்களுக்குள் அடங்கிக் கிடந்தது. இது போதாதென்று, நெடுந்தொலைவிலுள்ள கட்சிலும் சௌராட்டிரத்திலும் எடுத்த குருதியில், இவ்வைரஸுக்கோ இதன் நெருங்கிய உறவுக்கோ எதிரான பொருள் காணப்பட்டது. அங்கே குரங்கும் மாளவில்லை, காய்ச்சலும் பேசப்படவில்லை. உண்ணி இருக்குமிடமெல்லாம் நோய் இல்லை. நோய் இல்லாததாகக் குறிக்கப்பட்ட இடமெல்லாம் உண்மையிலேயே நோயற்றதா என்பதையும் எவரும் உறுதி கூற இயலவில்லை.

1970களில் வட கன்னடக் கடலோரத்தை அடுத்த காடுகளில் நோய் தலைகாட்டியது. 1982 இல் தென் கன்னடத்துப் பெள்தங்கடி வட்டத்தில் பெருவாரியாக வெடித்தது. 2012 இறுதியில் சாமராஜநகர் மாவட்டத்துப் பந்திப்பூரில் குரங்குகள் மடிந்தன; அதையொட்டிய நீலகிரிப் பகுதியிலும் நோயால் இறந்த குரங்கு கண்டறியப்பட்டது. அடுத்த ஆண்டுகளில் கேரளத்து வயநாடு, கோவாவின் சத்தாரி, மராட்டியத்துச் சிந்துதுர்க் எனப் புள்ளிகள் மேற்குத்தொடர் மலை நெடுக விழுந்தன. இது பரவலா, அன்றித் தாமதமாக விழித்த கண்களா? இரண்டும் கலந்தது என்பதே நம் கருத்து. வயநாட்டில் ஒரு காய்ச்சலுக்குப் பெயர் சொல்ல மருத்துவர் அறிந்திருக்க வேண்டும், சோதனைக்கூடம் எட்டும் தொலைவில் இருக்க வேண்டும். அவ்விரண்டும் இல்லாத காலத்துக் காய்ச்சல்கள் எந்தப் படத்திலும் ஏறவில்லை.

படத்தின் வெற்றிடம் காகிதத்தோடு நின்றால் கவலையில்லை. கருநாடகத்தில் இந்நோய்க்கு 1990 ஆம் ஆண்டையொட்டித் தடுப்பூசி வழக்கத்திற்கு வந்தது. பெங்களூர் ஹெப்பாளத்திலுள்ள கால்நடை நல நிறுவனம் அதனைத் தயாரித்து வந்தது. நோயோ, இறந்த குரங்கோ, நோயேந்திய உண்ணியோ காணப்பட்ட இடத்தைச் சுற்றி 5 கிலோமீட்டர் வட்டத்துள் உள்ள ஊர்களுக்கு ஊசி போடுவது முறை. புள்ளி விழாத ஊருக்கு வட்டமும் இல்லை, ஊசியும் இல்லை. பந்திப்பூரில் குரங்குகளின் உடலைக் கையாண்டு எரித்த தொழிலாளர் நோயில் வீழ்ந்தனர். அவர்கள் வேலை செய்த காடு அதுவரை எந்த வட்டத்துள்ளும் இல்லை. இந்நோயுற்றோருள் நூற்றுக்கு மூவர் முதல் ஐவர் வரை உயிரிழக்கின்றனர் என்பதை நினைவிற் கொண்டால், ஒரு புள்ளியின் எடை விளங்கும். அத்தடுப்பூசியும் போதிய காப்பளிக்கவில்லை என்று கண்டு 2022 ஆம் ஆண்டளவில் கைவிடப்பட்டது. எனவே எங்கே கவனமாயிருப்பது என்பதைச் சொல்லும் படமே இன்று முன்னினும் இன்றியமையாதது.

அப்படத்தைப் புதிய முறையில் வரையும் முயற்சியில் நம் பெங்களூருக்குப் பெரும் பங்குண்டு. எலகங்காவிலுள்ள தேசியக் கால்நடை நோய்ப்பரவல் ஆய்வு நிறுவனம், அசோகா சூழலியல் அறக்கட்டளை, பொதுச் சுகாதார நிறுவனம் ஆகியவை பிரிட்டிஷ் ஆய்வாளரோடும் மாநில நலத்துறையோடும் கூடி, 2020 இல் ஒரு முடிவை வெளியிட்டன. ஈரம் மிக்க பசுமைக் காடும் தோட்டப்பயிரும் கலந்து கிடக்கும் நிலம், நாட்டு மாடுகள் மிகுந்த ஊர், வறண்ட இலையுதிர்காடு குறைந்த பகுதி: இவை கூடுமிடத்தில் ஆபத்து மிகுதி என்பது அம்முடிவு. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் போஷெல் கால்நடையாக நடந்து கண்ட விளிம்பை, விண்கோளின் கண்ணும் கணிப்பொறியும் சேர்ந்து மறுபடி கண்டன. 2018 டிசம்பரில் சாகர் வட்டத்து அரளகோடுப் பகுதியில் தொடங்கிப் பலரைக் கொண்டுபோன நோயின் இடங்களோடு அப்படத்தை ஒப்பிட்டு, அது பெரிதும் பொருந்தியது என்று அவர்கள் காட்டினர்.

நாம் இப்புதுமையை வரவேற்கிறோம். ஒரு குறையும் சொல்வோம். முதுமலையும் பந்திப்பூரும் வயநாடும் ஒரே காடு. முசு ஒரு கிளையினின்று மறு கிளைக்குத் தாவும்போது மாநிலம் மாறிவிடுகிறது. அதன் சாவை எழுதும் பதிவேடும் எழுத்தும் மாறிவிடுகின்றன. 1931 இல் கிண்டியார் வரைந்த தெள்ளுப் படம் மாகாண எல்லையில் நின்றதற்குக் காலத்தைக் காரணம் காட்டலாம். இன்றைய படங்களும் மாநிலக் கோட்டில் தயங்கி நிற்பதற்கு என்ன காரணம் காட்டுவது?

மலைநாட்டில் டிசம்பர் பிறந்ததும் நலத்துறைப் பணியாளர் வெண்துணியுடன் காட்டிற்குள் செல்கின்றனர். அதற்கு முன் ஊருக்குள் வந்து, குரங்கு எங்கேனும் செத்துக் கிடக்கக் கண்டீர்களா என்று கேட்கின்றனர். விடை சொல்பவர் பெரும்பாலும் மாட்டுக்கொட்டிலுக்குச் சருகு பொறுக்கச் சென்று திரும்பும் பெண்டிர். எந்த ஓடைக்கு அப்பால், எந்த மரத்தடியில், எத்தனை நாளைக்கு முன்னர் என்று அவர்கள் கைநீட்டிச் சொன்ன பின்னரே அவ்வாண்டுப் படத்தின் முதற்புள்ளி விழுகிறது.